டூப் போட்ட புறா

சண்டைக் காட்சியில் டூப்பைக் கண்டுபிடிக்கப் பழகியவர்கள் முகத்தில் நேரத்தை வீணாக்குவதில்லை. பிடரியைப் பார்ப்பார்கள். விக் எங்கே முடிகிறது, காது மடல் ஹீரோவுடையதுதானா என்று பார்ப்பார்கள். போர் விமானத்துக்கும் அப்படியொரு பிடரி உண்டு: மூக்கின் இரண்டு பக்கமும் வரிசையாக நீட்டிக்கொண்டிருக்கும் புகைக்குழாய்கள்.

1969-ல் வந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்தை நான் பார்த்தது கீறல் விழுந்த ஒரு டிவிடியில். ஜெர்மன் விமானம் ஒன்று திரையை அடைத்துக்கொண்டு ஒருக்களித்துத் திரும்பும் இடத்தில் டிவிடி தானே சிக்கி நின்றுவிட்டது. அதனால் நிதானமாகப் பார்க்க முடிந்தது. மூக்கில் மஞ்சள் பூச்சு, இறக்கையில் கறுப்புச் சிலுவை, வாலில் ஸ்வஸ்திகா. எல்லாம் பொருத்தம்தான். குழாய்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. 1940-ல் லண்டன் வானுக்கு வந்த மெஸ்ஸர்ஷ்மிட் 109-க்கு அவை மூக்கின் அடிப்பக்கமாக இருக்கும். அதன் டெய்ம்லர்-பென்ஸ் இன்ஜின் தலைகீழாக மாட்டப்பட்டது. 12 சிலிண்டர்களும் தரையைப் பார்த்தபடி இருக்கும். திரையில் நின்ற விமானத்துக்கோ குழாய்கள் மேலே இருந்தன. போதாததற்கு மூக்குக்கு அடியில் கனமான தாடை ஒன்று தொங்கியது. மெஸ்ஸர்ஷ்மிட்டின் முகம் ஒல்லி. இது யாரோ தவில் வித்வானின் முகம்.

அதன் நிஜப் பெயர் ஹிஸ்பானோ எச்ஏ-1112. ஸ்பெயின்காரர்கள் வைத்த செல்லப் பெயர் புச்சோன். உடம்பு மெஸ்ஸர்ஷ்மிட்டுடையது, இதயம் எதிரியுடையது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை ஓட்டிய அதே ரோல்ஸ்-ராய்ஸ் மெர்லின் இன்ஜின்.

இந்தக் கலப்பு எப்படி நேர்ந்தது என்று பார்க்கப் போனால் மெஸ்ஸர்ஷ்மிட்டின் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கிறது. முதல் 109, 1935 மே மாதம் பறந்தது. அதற்கென்று நினைத்திருந்த ஜெர்மன் இன்ஜின் அப்போது தயாராகவில்லை. கைக்குக் கிடைத்தது பிரிட்டிஷ் இன்ஜின்: ரோல்ஸ்-ராய்ஸ் கெஸ்ட்ரல். ஹைன்கல் 70 என்ற தங்கள் விமானம் ஒன்றைக் கொடுத்து, பண்டமாற்றாக கெஸ்ட்ரல் இன்ஜின்களை ஜெர்மானியர்கள் வாங்கியிருந்தார்கள். ஐந்தே வருடத்தில் பிரிட்டன் மீது பாயப்போகும் விமானம், பிரிட்டிஷ் இன்ஜினின் தயவில்தான் முதன்முதலில் மண்ணைவிட்டு எழுந்தது. அன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதில் விசேஷம் எதுவும் தோன்றியிருக்காது. இன்ஜின் கிடைத்ததே, அதுவே போதும் என்றிருந்திருப்பார்கள்.

109 முதன்முதலில் சண்டை போட்டதும் ஸ்பெயினில்தான். உள்நாட்டுப் போரில் ஃப்ராங்கோவுக்கு உதவியாக ஹிட்லர் அனுப்பிய கொண்டார் படையணி 1937-ல் அதை அங்கே பறக்கவிட்டது. அதற்கு முந்தைய வருடம், மொராக்கோவிலிருந்த ஃப்ராங்கோவின் துருப்புகளை ஜெர்மன் யுங்கர்ஸ் விமானங்கள் அள்ளிவந்து இறக்கியது செவில் நகரத்து தப்லாதா விமானத்தளத்தில். தப்லாதா என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப வருவோம்.

1942-ல் ஸ்பெயின் சொந்தமாகவே 109-களைக் கட்ட முடிவெடுத்தது. செவில்லில் இருந்த ஹிஸ்பானோ அவியாசியோன் நிறுவனத்துக்கு லைசென்ஸ் கிடைத்தது. ஒப்பந்தப்படி ஜெர்மனி 25 விமானங்களைப் பாகம் பாகமாக அனுப்ப வேண்டும். இன்ஜின், ப்ரொப்பெல்லர், கருவிகள், ஆயுதங்கள் எல்லாம் ஜெர்மனியின் பொறுப்பு. உடல்கள் வந்தன, வால் இல்லாமல். வரைபடங்கள் வந்தன, பாதிகூட இல்லை. இன்ஜின் வரவே இல்லை. ஜெர்மனிக்கே அப்போது இன்ஜின் பற்றாக்குறை. ஸ்டாலின்கிராடுக்குப் பிறகு யார் செவில்லை நினைக்கப்போகிறார்கள்! கல்யாண மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகை அடித்து, மாப்பிள்ளை மட்டும் வராத கதை.

மாப்பிள்ளைக்கு உள்ளூரில் ஆள் பார்த்தார்கள். கைவசம் இருந்தது ஹிஸ்பானோ-சூய்சா 12இசட் இன்ஜின். மெஸ்ஸர்ஷ்மிட்டின் மூக்கு தலைகீழ் இன்ஜினுக்காக வரையப்பட்டது. இதுவோ நேராக நிற்கும் ரகம். மூக்கைப் பிரித்து மாற்றிக் கட்டினார்கள். 1945 மார்ச் 2-ல் அது பறந்தது. ஏறக்குறைய இரண்டு மாதங்கள் கழித்து, அந்த விமானத்தைப் பெற்ற நாடு சரணடைந்தது. செவில்லில் வேலை நிற்கவில்லை. மற்ற நாடுகள் ஜெட் விமானங்களுக்குத் தாவிக்கொண்டிருந்த காலத்தில், தோற்றுப்போன ராணுவத்தின் விமானத்தைத் தட்டிக் கொட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார்கள். பிடிவாதம் என்று சொல்லலாம். வேறு வழியும் கிடையாது. ஃப்ராங்கோவின் ஸ்பெயினுக்கு அப்போது யாரும் நல்ல விமானம் விற்கத் தயாராக இல்லை.

1950-களில் காற்று மாறியது. மெர்லின் இன்ஜினுக்குப் போர்க்காலத்துக் கிராக்கி போய்விட்டிருந்தது. சுமார் 1,600 குதிரைசக்தி தரும் மெர்லின் 500-45 இன்ஜின்களையும் நான்கு அலகுள்ள ரோட்டோல் ப்ரொப்பெல்லரையும் ஸ்பெயின் வாங்கியது. மெஸ்ஸர்ஷ்மிட்டின் மூக்கு மறுபடி பிரிக்கப்பட்டது. மெர்லினின் காற்றுக்குழாயும் அடிப்பாகமும் கீழே இடம் கேட்டதால் மூக்கின் அடி புடைத்தது. 1954-ல் பறந்த அந்த உருவத்தைப் பார்த்ததும் செவில்காரர்களுக்குத் தங்கள் ஊர்ப் புறா ஞாபகம் வந்திருக்கிறது. கழுத்துப் பையைக் காற்றால் உப்பிக்கொண்டு பெட்டையைச் சுற்றிச்சுற்றிக் குனுகும் ஆண் புறா. புச்சோன்.

இந்தப் பெயரில் இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. அந்தாலூசியாவில் புச்சோன் புறாவை வளர்ப்பது அழகுக்காக மட்டும் கிடையாது. அடுத்தவர் கூண்டுப் புறாவை மயக்கி, தன் பின்னாலேயே வீட்டுக்குக் கூட்டிவரும் வித்தைக்காக. வேஷம் கட்டி ஏமாற்றுவது அதன் தொழில். பெயர் வைத்தவர்கள் தாடையைத்தான் பார்த்தார்கள். பின்னால் வந்த சினிமாக்காரர்கள்தான் மீதியைப் பூர்த்தி செய்தார்கள்.

ஸ்பானிய விமானப்படையில் புச்சோனின் உத்தியோக வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். உடம்பு முழுக்க அடர் நீலம், இறக்கையில் இரண்டு பீரங்கிகள், அடியில் ராக்கெட்டுகள். தரைத் தாக்குதல் வேலை. 1957-58-ல் ஆப்பிரிக்காவில் இஃப்னி, ஸ்பானிய சஹாரா சண்டைகளில் தலைகாட்டியது. 1965 டிசம்பரில் ஓய்வு கொடுத்தார்கள். உலகத்தில் எந்த முதல்வரிசை விமானப்படையிலும் மெஸ்ஸர்ஷ்மிட்டின் வம்சம் அவ்வளவு காலம் தாக்குப்பிடித்ததில்லை. அடுத்தது காயலான் கடைதான்.

அந்த நேரத்தில்தான் லண்டனிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார்.

ஹாமிஷ் மஹாடி, பிரிட்டிஷ் விமானப்படையில் குரூப் கேப்டனாக இருந்தவர். போர்க்காலத்தில் பாத்ஃபைண்டர் படைக்கு நல்ல விமானிகளை மற்றப் படையணிகளிலிருந்து நைசாகக் கிளப்பிக்கொண்டு வருவது அவர் வேலை; அதனால் ‘குதிரைத் திருடன்’ என்று பட்டப்பெயர். 1965 செப்டம்பரில் ஹாரி சால்ட்ஸ்மன், பெஞ்சமின் ஃபிஸ் என்ற இரண்டு தயாரிப்பாளர்கள் அவரிடம் போனார்கள். 1940 கோடையில் நடந்த வான்போரைப் படமாக எடுக்கப்போகிறோம், விமானங்கள் வேண்டும் என்றார்கள். சால்ட்ஸ்மன் ஜேம்ஸ் பாண்ட் படங்களின் தயாரிப்பாளர்களில் ஒருவர். இயக்குநர் கை ஹாமில்டன் ‘கோல்ட்ஃபிங்கர்’ எடுத்தவர். பொம்மை விமானத்தை நூலில் கட்டி ஆட்டுகிற ஆட்கள் என்று நினைத்தால் தப்பு. நிஜ விமானம், நிஜ வானம் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

மஹாடி பிரிட்டன் முழுக்கச் சல்லடை போட்டார். 109 ஸ்பிட்ஃபயர்கள் இருக்கும் இடம் தெரிந்தது (எண்ணைக் கவனியுங்கள், விதிக்கும் குறும்பு உண்டு). அதில் படத்துக்குக் கிடைத்தவை 27. பறக்கவைக்க முடிந்தவை 12. அவற்றிலும் 1940-ல் இருந்த முதல், இரண்டாம் ரகங்களில் ஆளுக்கொன்றுதான். மற்றவை போரின் பிற்பகுதியில் பிறந்த தம்பிகள். அவற்றின் இறக்கை முனையை வளைத்து, மூடியை மாற்றி, அண்ணன் மாதிரி ஆக்கினார்கள். ஸ்பிட்ஃபயரில் ‘மார்க் 1’, ‘மார்க் 2’ என்று ரகம் பிரிப்பது வழக்கம். இந்தப் புது ரகத்துக்கு ‘மார்க் ஹாடி’ என்று படப்பிடிப்பில் பேர் வைத்தார்கள். இன்னொரு பிரிட்டிஷ் போர் விமானமான ஹரிக்கேன் ஆறு கிடைத்தன, பறந்தவை மூன்று. அந்தப் போரில் ஸ்பிட்ஃபயரைவிட ஹரிக்கேன்தான் எண்ணிக்கையில் அதிகம். படம் பார்த்த யாருக்கும் அது உறைத்திருக்காது.

ஜெர்மன் பக்கம்தான் பெரிய பள்ளம். பறக்கும் நிலையில் 109-களைப் படையாகத் திரட்ட உலகத்தில் எங்குமே வழியில்லை. குதிரைத் திருடன் புறா வேட்டைக்கு ஸ்பெயின் போனார். 27 புச்சோன்கள் அகப்பட்டன. அதோடு, ஜெர்மன் ஹைன்கல் குண்டுவீச்சு விமானத்தை ஸ்பெயின் அதே மாதிரி லைசென்ஸ் வாங்கிக் கட்டியிருந்தது, அதில் 32. அவற்றிலும் இன்ஜின் மெர்லின்தான்.

மேக்கப் வேலை தப்லாதாவில் நடந்தது. 1936-ல் யுங்கர்ஸ்கள் இறங்கிய அதே தப்லாதா. புச்சோனின் உடம்பு 109-ன் பிந்தைய ரகத்திலிருந்து வந்தது. இறக்கை முனை உருண்டிருக்கும். 1940-ன் ரகத்துக்கு அது சதுரமாக வெட்டினாற்போல இருக்க வேண்டும். முனைகளைக் கழற்றினார்கள். அந்தக் காலத்து 109-ன் வால் சிறகுக்கு அடியில் முட்டுக்கொடுக்கும் கம்பி ஒன்று இருக்கும். புச்சோனுக்கு அது தேவையே இல்லை. இருந்தாலும் சும்மா ஒரு கம்பியை வைத்தார்கள். பொய்த் துப்பாக்கி, பொய்ப் பீரங்கி, நீலத்தின் மேல் ஜெர்மன் பச்சை, மூக்குக்கு மஞ்சள். தாடையை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அதற்குள் இருந்தது இன்ஜின் அல்லவா.

எனக்கு இந்த வால் கம்பியின் மீது தனிப் பிரியம். பொதுப் பார்வையாளர்களில் ஆயிரத்தில் ஒருவர்கூட அதைக் கவனித்திருக்கமாட்டார். புகைக்குழாய் தப்பு, மூக்கு தப்பு, சத்தமே தப்பு என்று தெரிந்துகொண்டே, எந்த பாரத்தையும் தாங்காத ஒரு கம்பியைக் கவனமாகப் பொருத்தியிருக்கிறார்கள். மாற்ற முடிந்ததை மாற்றிவிட வேண்டும் என்ற வைராக்கியம். செட்டில் யாரும் திறக்கப்போகாத பீரோவுக்குள்ளும் துணி மடித்து வைக்கும் ஆர்ட் டைரக்டர்கள் உண்டு, அந்த ஜாதி.

ஓட்ட ஆள் வேண்டுமே. ஸ்பானிய விமானப்படைக்காரர்கள் வந்தார்கள். டெக்சஸிலிருந்து பழைய போர் விமானங்களைச் சேகரித்துப் பறக்கவிடும் குழுவினரும் வந்தார்கள். புச்சோனை ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. 109 வம்சத்துக்கே சக்கரக் கால்கள் உடம்போடு ஒட்டி, குறுகலாக இருக்கும். இறக்கையைக் கழற்றினாலும் விமானம் தன் காலில் நிற்கட்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு. மெக்கானிக்குக்கு வசதி, விமானிக்கு உபத்திரவம். ஓடுபாதையில் கொஞ்சம் அசந்தால் குடைராட்டினம் சுற்றிவிடும். நீளமான மூக்கு முன்னால் மறைக்கும். மூடியோ பக்கவாட்டில் கீல் வைத்துத் திறப்பது. பறக்கும்போது அதைத் திறந்து தலையை நீட்டிப் பார்க்க வழியில்லை.

இத்தனையையும் வானிலேயே தொங்கிக்கொண்டு படம் பிடிக்க ஒரு பி-25 குண்டுவீச்சு விமானத்தைக் கேமரா வண்டியாக்கினார்கள். மற்ற விமானிகளுக்குத் தூரத்திலேயே திசை தெரிய வேண்டுமென்று அதற்குக் கண்ணைப் பறிக்கும் பல வண்ணப் பூச்சு. 1968 மார்ச்சில் அது தப்லாதாவில் வந்து இறங்கியபோது ‘சைக்கடெலிக் மான்ஸ்டர்’ என்று பேர் விழுந்தது. மொத்தம் ஏறக்குறைய 100 விமானங்கள். உலகத்தின் 35-வது பெரிய விமானப்படை என்று அதைப் பத்திரிகைகள் எழுதின. விளம்பரக்காரரின் கணக்காக இருக்கலாம், ஆனால் நம்பத் தோன்றுகிற கணக்கு.

ஆலோசகர்களாக நிஜமாகவே சண்டை போட்டவர்களையே கூப்பிட்டிருந்தார்கள். பிரிட்டன் பக்கம் ஸ்டான்ஃபோர்ட் டக், ஜிஞ்சர் லேசி. ஜெர்மன் பக்கம் அடால்ஃப் காலண்ட். காலண்ட் ஸ்பானிய உள்நாட்டுப் போரிலும் பறந்தவர். அவருக்கு இது ஒருவிதத்தில் பழைய ஊர். விமானத்தின் தாடையைப் பற்றி அவர் ரகளை செய்ததாகத் தெரியவில்லை. ரகளை வேறு இடத்தில் நடந்தது. ஜெர்மன் தளபதி கெஸ்ஸல்ரிங், ராணுவ சல்யூட்டுக்குப் பதிலாக நாஜி சல்யூட் அடிப்பதாக ஒரு காட்சி. காலண்ட் கொதித்துப்போய்ப் படப்பிடிப்பையே நிறுத்தப் பார்த்தார். விலகிவிடுவேன் என்று மிரட்டினார். இன்ஜின் மாறினால் பொறுத்துக்கொள்ளலாம், கை எப்படி உயர்ந்தது என்பதை விட முடியாது. சரித்திர நுணுக்கம் என்பது யாருக்கு எங்கே வலிக்கிறது என்பதைப் பொறுத்ததாக இருக்கிறது.

அதே காலண்டைப் பற்றி ஒரு பிரபலமான கதை உண்டு. பிரிட்டன் போரின்போது ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் வந்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்க, என் படைக்கு ஸ்பிட்ஃபயர்கள் வேண்டும் என்று அவர் துணிச்சலாகச் சொன்னார் என்பது. படத்தில் அந்தப் பதிலை ஃபால்கெ என்ற பாத்திரத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். கோரிங் முகம் சிவக்கிறது. அந்தப் படை ஓட்டும் விமானங்களுக்குள் ஏற்கெனவே ஸ்பிட்ஃபயரின் இன்ஜின்தானே இருக்கிறது என்று நினைத்து நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு விளக்கவேண்டி வந்தது. சிரிப்பு போய்விட்டது.

காதை மட்டும் வைத்துக்கொண்டு படம் பார்த்தால் இன்னும் வேடிக்கை. ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன், மெஸ்ஸர்ஷ்மிட், ஹைன்கல் நான்கிலும் அநேகமாக ஒரே இன்ஜின். மெர்லின் மெர்லினைத் துரத்துகிறது, மெர்லின் மெர்லினைச் சுட்டு வீழ்த்துகிறது. 1940-ல் இந்த இன்ஜின் வித்தியாசம் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது. டெய்ம்லர்-பென்ஸில் எரிபொருளை நேரடியாகப் பீய்ச்சும் ஏற்பாடு. அதனால் 109-காரர் ஆபத்தென்றால் மூக்கைச் சடாரென்று கீழே தள்ளிப் பாய்ந்துவிடுவார். மெர்லினில் அப்போது கார்ப்பரேட்டர். துரத்திக்கொண்டு மூக்கைத் தள்ளினால் எரிபொருள் தடுமாறி இன்ஜின் ஒரு கணம் இருமும். அந்த ஒரு கணத்தில் இரை தப்பிவிடும். அதனால் பிரிட்டிஷ் விமானிகள் தலைகீழாகப் புரண்டு பிறகு பாய்வார்கள். 1941-ல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் தட்டை வைத்து அந்த இருமலைப் பெருமளவு நிறுத்தினார். போரின் விதியில் ஒரு வாஷர் அளவுக்குச் சாமான் பங்கு வகித்த கதை இது. புச்சோன் நடித்த படத்தில் அதைக் காட்டவே முடியாது. இரண்டு பக்கமும் மெர்லின் என்றால் யார் யாரிடமிருந்து பாய்ந்து தப்புவது?

இன்னொரு விடுபடல் நம் பக்கத்தைத் தொடுவது. அந்தப் போரில் இருந்த 79, 234, 264 என்ற மூன்று படையணிகள் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்ற பெயரைத் தாங்கியவை. சென்னை மாகாணம் போர் நிதிக்குக் கொடுத்த பணத்துக்கு மரியாதையாக வந்த பெயர். அதில் 264 ஓட்டியது டிஃபயன்ட் என்ற விமானம். முன்னோக்கிச் சுடும் துப்பாக்கியே இல்லாமல், முதுகில் ஒரு சுழல் கூண்டு மட்டும் வைத்திருந்த விசித்திரம். 109-கள் அதன் பலவீனத்தைக் கண்டுபிடித்ததும் கொன்று குவித்தன. 1940 ஆகஸ்ட் முடியும் முன்பே பகல் சண்டையிலிருந்து அதை விலக்கிவிட்டார்கள். படத்தில் டிஃபயன்ட் கிடையாது. முழுசாக மிஞ்சிய டிஃபயன்ட் இன்று ஒன்றே ஒன்று, அதுவும் மியூசியத்தில். அதற்கு டூப் போட ஒரு புறாவும் கிடைக்கவில்லை. சினிமாவில் சரித்திரம் எப்படித் திருத்தப்படுகிறது என்று நாம் கொள்கை அளவில் பேசுகிறோம். பல சமயம் விஷயம் எளிது: எந்த விமானம் பிழைத்திருக்கிறதோ அதற்குத்தான் வசனம்.

ஜெர்மன் குண்டுவீச்சு விமானமான ஸ்டூக்காவுக்கும் அந்தக் கதிதான். பறக்கும் ஸ்டூக்கா அகப்படாததால், ப்ராக்டர் என்ற சாது விமானத்துக்கு வேஷம் கட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. கடைசியில் ரேடியோவில் இயங்கும் பெரிய மாதிரிகளைப் பறக்கவிட்டார்கள். பார்த்தால் தெரியும்.

ஸ்பெயின் வேலை முடிந்ததும், பறக்கும் நிலையிலிருந்த 17 புச்சோன்கள் இங்கிலாந்துக்குக் கிளம்பின. கறுப்புச் சிலுவை போட்ட விமானங்கள் ஆங்கிலக் கால்வாயைக் கூட்டமாகத் தாண்டி வந்தன. இந்த முறை அனுமதி வாங்கிக்கொண்டு. டக்ஸ்ஃபோர்ட் தளத்தில் ஒரு பழைய விமானக் கொட்டகையைப் படத்துக்காக நிஜமாகவே வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே புச்சோனுக்கு இரட்டை வேடமும் வாய்த்தது. போலந்து விமானிகள் பயிற்சியை விட்டுவிட்டு எதிரி மேல் பாயும் காட்சி. ஹரிக்கேன்கள் போதவில்லை. கூட்டத்தில் தூரத்தில் தெரியும் மூன்று ஹரிக்கேன்கள், பிரிட்டிஷ் வண்ணம் பூசிய புச்சோன்கள். ஆக ஒரே படத்தில் வில்லனும் அதுதான், ஹீரோவின் நண்பனும் அதுதான்.

படம் வெளிவந்தது. போட்ட பணம் உடனே எழவில்லை. கூட்டம் கலைந்தது.

சினிமாவில் வேலை செய்தவர்களுக்குச் சம்பளப் பாக்கி புதிதில்லை. டெக்சஸிலிருந்து வந்த விமானிகளில் ஒருவரான கானி எட்வர்ட்ஸ், தனக்குச் சேர வேண்டியதற்குப் பணத்துக்குப் பதிலாக விமானங்களை வாங்கிக்கொண்டார். புச்சோன்கள் டெக்சஸில் பிக் ஸ்பிரிங் என்ற ஊருக்கருகே அவருடைய பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தன. அங்கே கொட்டகைக்குள், படத்துக்குப் பூசிய மேக்கப் கலையாமல், நாற்பத்தைந்து வருடம்போலக் கிடந்தன. ஜெர்மனியில் வரைந்து, ஸ்பெயினில் கட்டி, இங்கிலாந்து இன்ஜினோடு, டெக்சஸ் புழுதியில். 2014 வாக்கில்தான் அவற்றை விற்றார்.

மற்றவை ஊர் ஊராகப் பிரிந்து, கூப்பிட்ட படத்துக்கெல்லாம் போயின. டூப்புக்கு ஒரு தடவை பேர் வந்துவிட்டால் அந்த வேஷத்துக்கு வேறு ஆளைத் தேட மாட்டார்கள். உண்மையில் இந்தக் குடும்பம் 1957-லேயே ‘டெர் ஷ்டெர்ன் ஃபோன் ஆஃப்ரிக்கா’ என்ற ஜெர்மன் படத்தில் 109-ஆக நடித்திருந்தது. பிறகு 1988-ல் ‘பீஸ் ஆஃப் கேக்’ தொலைக்காட்சித் தொடர். 1990-ல் ‘மெம்ஃபிஸ் பெல்’. அதில் புச்சோனைத் துரத்தும் அமெரிக்க மஸ்டாங் விமானங்களிலும் மெர்லின்தான். (அந்தக் கதை நடக்கும் 1943 மே மாதத்தில் மஸ்டாங்குகள் குண்டுவீச்சு விமானங்களுக்குத் துணைக்குப் போகவே ஆரம்பிக்கவில்லை. அது தனிப் பஞ்சாயத்து.) 2001-ல் செக் நாட்டுப் படமான ‘டார்க் ப்ளூ வேர்ல்ட்’ இன்னும் சிக்கனம்: 1968-ல் எடுத்த வான்காட்சிச் சுருள்களையே வாங்கி, கம்ப்யூட்டரில் பட்டி பார்த்துச் சேர்த்துக்கொண்டது. முப்பது வருடத்துக்கு முந்தைய கால்ஷீட்டில் புறா மறுபடி நடித்தது.

2017-ல் இயக்குநர் நோலனின் ‘டன்கர்க்’. டக்ஸ்ஃபோர்டில் பராமரிக்கப்படும் ஒரு புச்சோன் அதில் 109-ஆக வருகிறது; 1968-ல் நடித்த அதே கூட்டத்தைச் சேர்ந்தது. இங்கே நோலன் தெரிந்தே ஒரு தப்பு செய்தார். 109-களின் மூக்குக்கு மஞ்சள் பூசும் வழக்கம் டன்கர்க் மீட்பு முடிந்து சில மாதங்கள் கழித்துத்தான் வந்தது. 1940 மே கடைசியில் அது இருக்க நியாயமில்லை. பார்ப்பவர்களுக்கு நம் ஆள் யார், எதிரி யார் என்று சட்டென்று பிடிபட வேண்டும் என்பதற்காகப் பூசவைத்தார். அந்த முடிவை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று தோன்றுகிறது. மஞ்சள் மூக்கு என்றால் மெஸ்ஸர்ஷ்மிட் என்று நம் கண்ணுக்குப் பழக்கியதே 1969-ன் படம்தான். செப்டம்பர் 1940-க்குச் சரியாக இருந்த பூச்சை அந்தப் படம் போட்டது. அதைப் பார்த்து வளர்ந்த கண்களுக்காக மே 1940-க்குத் தப்பாக இன்னொரு படம் போட்டது. மஞ்சள் இல்லாத நிஜ விமானம் இப்போது வந்து நின்றால் அதைத்தான் போலி என்போம்.

பிறகு ஏன் இந்தத் தாடைக்காரனை நான் திரும்பத்திரும்பப் பார்க்கிறேன்? புத்தம்புதிய படங்களில் கம்ப்யூட்டர் வரைந்த 109-களுக்குப் புகைக்குழாய் சரியான இடத்தில் இருக்கிறது. ஆணிகூடச் சரியாக இருக்கிறது. ஆனால் அவை ஈ பறப்பதுபோலப் பறக்கின்றன. நினைத்த இடத்தில் திரும்புகின்றன, நினைத்த நொடியில் நிற்கின்றன. மூன்று டன் உலோகம் அப்படித் திரும்பாது. 1968-ன் காட்சியில் புச்சோன் ஒருக்களிக்கும்போது ஒரு தயக்கம் தெரிகிறது. இறக்கை முதலில் சாய்கிறது, உடம்பு பின்னால் வருகிறது. மெதுவாகப் பறக்கையில் இறக்கையின் முன்விளிம்பில் உள்ள பட்டைகள் தாமாக வெளியே வருகின்றன. அது மெஸ்ஸர்ஷ்மிட்டின் அசல் குணம், எந்த மேக்கப்மேனும் தந்ததில்லை. உள்ளே இருக்கிற ஆள் நிஜமாகவே விழக்கூடும் என்பது சட்டகத்துக்குள் எங்கோ தெரிகிறது. முகம் பொய்யாக இருந்தாலும் கனம் மெய். எனக்கு இரண்டில் ஒன்றுதான் கிடைக்கும் என்றால் கனத்தை எடுத்துக்கொள்வேன். மாடல் விமானம் ஒட்டும் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள்.

அவர்கள் ஆசைப்பட்டதும் நடந்திருக்கிறது. சில புச்சோன்களிலிருந்து மெர்லினைக் கழற்றிவிட்டு, தேடிப் பிடித்த டெய்ம்லர்-பென்ஸ் 605 இன்ஜினை மாட்டி, தாடையைச் சீவி, 109-ஜி என்று பெயர் மாற்றிவிட்டார்கள். 1943-ல் வராத மாப்பிள்ளை நாற்பது வருடம் கழித்து வந்து தாலி கட்டிய மாதிரி. இந்த விமானங்களை அசல் என்பதா, நகல் என்பதா? ஸ்பானியக் கைகள் அடித்த ரிவெட், ஜெர்மன் இன்ஜின். செவில்லில் ஒப்பந்தம் போட்டவர்கள் கேட்டிருந்தது இதைத்தான்.

இன்னொரு கூட்டம் வேறு வழியில் போயிருக்கிறது. டக்ஸ்ஃபோர்டுப் புச்சோனுக்குப் புதுப் பூச்சு பூச வேண்டி வந்தபோது, எந்த ஜெர்மன் படையணியின் அடையாளத்தைப் போடலாம் என்று அவர்கள் ஆவணங்களைப் புரட்டவில்லை. ‘மஞ்சள் 10’ என்று எழுதினார்கள். ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்துக்காக 1968-ல் போட்ட வேஷம் அது. டெக்சஸ் கொட்டகையிலிருந்து மீண்டுவந்த இரண்டு இருக்கைப் புச்சோனும் இப்போது அந்தப் படத்தின் ‘சிவப்பு 11’-ஆகவே பறக்கிறது. வான் கண்காட்சிக்கு வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்து, படத்தில் இருந்தது போலவே இருக்கிறது என்று மெச்சுகிறார்கள். மேலே மெர்லின் குனுகிக்கொண்டு போகிறது.